கழலும் வளையமும் கழலா வளையமும்: பானப் பேணி மூடியின் உற்பத்தி பற்றிய ஒரு நோக்கு

1

இலக்கியத்தையும் பண்பாட்டையும் ஆராயும் ஓரிதழிலே பானப் பேணியின் மூடியைப் பற்றிக் கட்டுரை எழுதுவது எவ்வளவு தூரம் பொருத்தமானது என வாசகர் சிலர் வினவக்கூடும். மனிதன் தன் உழைப்பாற் படைத்த பொருள்கள் யாவும் அவன் வாழ்ந்த சமூக உறவுகளின் பதிவுகளே என்ற நோக்கை ஏற்றுக்கொள்வோர்க்கு இவ்வினா பெருந்தடையாக இராது. செய்யுளொன்றின் யாப்பு அது தோன்றிய சமூகத்தின் சுவட்டைத் தன்னகத்தே தாங்கி நிற்பதுபோல, தொழிற்சாலையின் அச்சிற் பிறக்கும் பொருளொன்றின் வடிவமும் அதனைப் பிறப்பித்த உறவுகளின் சுவட்டைத் தாங்கி நிற்கின்றது.

பியரும் மென்பானமும் அடைக்கப்படும் அலுமினியப் பேணியின் மூடி, வேறு கருவியெதுவுமின்றி விரலாலேயே திறக்கத்தக்கது. இத்தகைய மூடி 1962ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிற் சந்தைக்கு வந்தது. அக்காலத்தில் வளையத்தைப் பற்றி இழுத்ததும் அது தகட்டுத் துண்டொன்றுடன் முற்றாகக் கழன்று கையோடு வந்துவிடும். 1975ஆம் ஆண்டில் வளையம் கழலாத புதிய மூடி தோன்றிற்று. பழைய மூடியைப் படிப்படியாக அகற்றிவிட்டு, இன்று உலகின் பெரும்பகுதியில் அதுவே வழக்கிலுள்ளது. கழன்ற வளையம் ஏன் கழலாத வளையமாயிற்று என்ற வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விடையின் ஒரு பகுதி தொழினுட்பத்திலே உள்ளது; மறு பகுதி தொழிற்சாலைக்கு வெளியே உள்ளது.

2

முதலில் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். 1935ஆம் ஆண்டு ஜனவரி 24ஆந் திகதி வேர்ஜீனியா மாநிலத்து றிச்மண்ட் நகரில், நியூ ஜேர்சியைச் சேர்ந்த குறூகர் மதுவடிசாலையின் பியர் பேணியிலே விற்பனைக்கு விடப்பட்டது. அப்பேணியை அமெரிக்கன் கான் கம்பனி செய்து கொடுத்தது. தகரப் பூச்சுடைய உருக்குத் தகட்டாலான அப்பேணியின் தட்டை மூடியைத் திறப்பதற்குக் கூர்முனைத் திறப்பானொன்று வேண்டியிருந்தது. மூடியில் ஒரு துளை குடிப்பதற்கும் அதன் எதிர்ப்புறத்தே இன்னொரு துளை காற்றுப் புகுவதற்குமாக இரு துளைகள் இடவேண்டும்.

பேணியின் பொருளியற் சிறப்பு அது திரும்பி வராமையே. கண்ணாடிப் போத்தல் குடித்து முடிந்ததும் வைப்புப் பணத்துக்காகக் கடைக்கு மீளும். கடையிலிருந்து வடிசாலைக்கு மீளும். கழுவி மீண்டும் நிரப்பப்படும். ஆகவே, போத்தலில் விற்கும் வடிசாலை தன் சுற்றாடலை விட்டு வெகுதூரம் செல்வது இலாபகரமானதன்று. பேணியோ ஒருவழிப் பயணி. பாரம் குறைந்தது, உடையாதது, ஆயிரம் மைல் சென்றாலும் அதனைத் திருப்பியெடுக்கும் செலவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1930களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ எழுநூறாயிருந்த வடிசாலைகள் 1970களின் இறுதியில் நூற்றுக்கும் குறைந்தமைக்குப் பல காரணங்கள் உள. விளம்பரமும் நெடுஞ்சாலையும் பெருமூலதனத்தின் திரட்சியும் அவற்றுட் சில. ஒருவழிக் கலமும் அக்காரணங்களுள் ஒன்றெனலாம்.

1959இல் கூர்ஸ் வடிசாலை அலுமினியப் பேணியை அறிமுகஞ் செய்தது. எளிதில் இளகி வளையும் இவ்வுலோகம் மூடிக்கு வந்த பின்னரே விரலாற் கிழிக்கத்தக்க மூடி சாத்தியமாயிற்று. உருக்குத் தகட்டை அவ்வாறு விரலாற் கிழித்தல் எளிதன்று.

3

இனி இம்மூடி எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதை நோக்குவோம். தொழிற்சாலைக்கு வரும் அலுமினியத் தகடு பெருஞ்சுருளாக வருகின்றது. அதன் தடிப்பு ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர். அது தூய அலுமினியமன்று. நூற்றுக்கு நான்கு முதல் ஐந்து பங்குவரை மக்னீசியம் சேர்ந்த வலிய கலப்புலோகம். பேணியின் உடல் வேறொரு கலப்புலோகத்தாலானது. அதில் மங்கனீசும் மக்னீசியமும் சிறிதளவே உண்டு. ஆழமாக இழுத்து நீட்டப்படவேண்டிய உடலுக்கு இளகுந் தன்மை வேண்டும். தட்டையாக நின்று உள்ளமுக்கத்தைத் தாங்கவேண்டிய மூடிக்கு விறைப்பு வேண்டும். பானத்திற் கரைந்துள்ள காபனீரொட்சைட்டு வெப்பத்தில் வெளிப்பட்டால் பேணியினுள்ளே வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு அமுக்கம் உண்டாகலாம். மூடி அதனையும் தாங்கவேண்டும். சிறுவனொருவனின் விரலுக்கும் இணங்கவேண்டும். ஒன்றையொன்று மறுக்கும் இவ்விரு தேவைகளையும் ஒரே தகட்டில் நிறைவேற்றுவதே மூடிசெய்வோர் முன்னுள்ள பிரச்சினையாகும்.

முதலாவது அழுத்தப் பொறி சுருளிலிருந்து வட்டங்களை வெட்டி, அதே அடியில் அவற்றுக்கு உருவமுங் கொடுக்கின்றது. நடுவே தட்டையான தளம். அதனைச் சூழ ஆழ்ந்த பள்ளம். வெளியே உயர்ந்த விளிம்பு. அப்பள்ளமே மூடிக்கு விறைப்பைத் தருவது. அடுத்து விளிம்பு உள்நோக்கிச் சுருட்டப்படுகின்றது. சுருளினுள்ளே இறப்பர் போன்ற அடைப்புப் பசை இடப்பட்டு உலர்த்தப்படுகின்றது. பானம் நிரப்பும் ஆலையில் இவ்விளிம்பும் பேணியுடலின் விளிம்பும் ஒன்றையொன்று கௌவுமாறு மடித்து நசுக்கப்படும். மூடியின் மூன்று படையும் உடலின் இரண்டு படையுமாக ஐந்து படைத் தகடு அவ்விடத்தே இறுகிநிற்க, இடைவெளிகளைப் பசை நிரப்பும். பற்றாசோ ஒட்டோ அங்கில்லை.

இரண்டாவது அழுத்தப் பொறியிலேதான் மூடி திறக்கத்தக்க மூடியாகின்றது. வளையத்தை மூடியோடு பிணைக்க ஒரு தறையாணி வேண்டும். சாதாரணமாகத் தறையாணி அடிப்பதற்குத் துளையிடல் வேண்டும். துளையிட்டாற் பானம் கசியும், வாயு வெளியேறும். ஆகவே மூடித் தகட்டின் நடுவே முதலிற் சிறு குமிழொன்று எழுப்பப்படுகின்றது. அக்குமிழ் இரண்டு மூன்று படிகளில் ஒடுக்கப்பட்டு ஒரு பொத்தான் போல் உயர்த்தப்படுகின்றது. வேறொரு சுருளிலிருந்து அதே பொறியிற் செய்யப்பட்டு வரும் வளையத்தின் துளை இப்பொத்தானின்மேற் பொருந்துகின்றது. பின்னர் பொத்தானின் தலை நசுக்கப்பட, அதுவே தறையாணியாகி வளையத்தைப் பற்றிக்கொள்கின்றது. தகட்டில் எங்கணும் துளையில்லை. ஆணியும் மூடியும் ஒரே உலோகம். இம்மூடியின் கண்டுபிடிப்பு முழுவதும் இவ்வொரு கருத்திலே தங்கியுள்ளது எனினும் மிகையாகாது.

இவற்றிடையே வாயின் எல்லையைச் சுற்றிக் கீறலொன்று பதிக்கப்படுகின்றது. கீறலின் அடியில் எஞ்சும் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கு பிழைத்தாலும் விளைவு தெரியும். கீறல் ஆழ்ந்தாற் பேணி தானே வெடிக்கும்; மேலோடினால் வளையந்தான் முறியும். இன்றைய பொறிகள் நிமிடத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மூடிகளை இந்நுட்பத்தோடு செய்கின்றன. அச்சுகளைக் கடைந்தும் தீட்டியும் சரிபார்த்தும் வரும் வினைஞரின் கைத்திறன் அப்பொறியிலே உறைந்து கிடக்கின்றது. மார்க்ஸ் மூலதனத்தின் முதற் பாகத்தில் இயந்திரம் பற்றிக் கூறும் அத்தியாயத்துக்கு இது தக்க உதாரணமாகும். தொழிலாளியின் அறிவு பொறிக்குள் இடமாறிவிட்டது. பொறியருகே நிற்கும் தொழிலாளியோ அதன் ஓட்டத்தைக் கண்காணித்து, வெளிவரும் மூடிகளைக் கடதாசி உறையில் அடுக்கி அனுப்புவோனாகின்றான். அவ்வடுக்கும் வேலையையும் இன்று பல ஆலைகளிற் பொறியே செய்கின்றது.

4

இக்கண்டுபிடிப்புக்கு உரியவராகக் கூறப்படுபவர் ஒஹையோ மாநிலத்து டேற்றன் நகரில் அச்சுப்பொறித் தொழிற்சாலை நடத்திய ஏமல் பிறேஸ் என்பவர். அவரைப்பற்றி வழங்கும் கதை பலருமறிந்தது. 1959இல் குடும்பத்துடன் உல்லாசப் பயணஞ் சென்றவர் பேணித் திறப்பானை மறந்துவிட்டார். மோட்டார் வண்டியின் முன்தடுப்பில் மோதிப் பேணியைத் திறக்க நேர்ந்தது. பின்னர் உறக்கம் வராத இரவொன்றிலே விடை அவர் உள்ளத்திற் பளிச்சிட்டது. 1962இல் பிற்ஸ்பேர்க் வடிசாலையின் அயன் சிற்றி பியர் இம்மூடியோடு வெளிவந்தது. பின்னர் ஆக்கவுரிமையும் கிடைத்தது.

இலக்கிய மாணவர் இக்கதையின் அமைப்பை நன்கறிவர். ஒரு குறை, ஓர் அவமானம், ஒரு தனிமையிரவு, ஒரு திடீர்த் தரிசனம் என்ற அமைப்பு கவிஞர்களுக்குக் கவித்துவம் வாய்த்தமை பற்றி நம்மிடையே வழங்கும் ஐதிகங்களிலும் உண்டு. கதை பொய்யென்பது நமது வாதமன்று. பிறேஸ் தேர்ந்த அச்சுவினைஞர். துளையில்லாத் தறையாணியை நடைமுறைக்குக் கொணர்ந்த பெருமை அவருடையதே. எனினும் கதை சொல்லாது விடுவனவும் உள. உலோகத் தகட்டைக் கீறிக் கிழிக்கும் முறைகள் பற்றிய நெடுங்கால அனுபவம், உருக்குடனான போட்டியிலே தன் உலோகத்துக்குப் புதுச்சந்தை தேடிய அல்கோவா அலுமினியக் கம்பனி, தகட்டை உருட்டியோரும் அரக்குப் பூச்சைச் சமைத்தோருமாகிய எண்ணற்ற உழைப்பாளர் ஆகியோர் கதையில் இடம்பெறார். பிறேசிடமிருந்து உரிமையைப் பெற்று இம்மூடியைப் பரப்பியது அல்கோவாவே. சமூக உழைப்பின் விளைவைத் தனிமனிதனின் இரவொன்றுக்குள் அடக்கிவிடுதல், ஆக்கவுரிமை என்னும் சொத்துரிமைக்கு மிக ஏற்ற கருத்துநிலையாகும்.

5

முதலில் வந்த மூடி, இழுத்ததும் தகட்டுத் துண்டோடு கழன்றது. 1960களின் நடுப்பகுதியில் விரல் நுழையும் வளையம் சேர்ந்தது. விற்பனை பெருகப் பெருகக் கழன்ற வளையங்களும் பெருகின. கடற்கரை மணலிலும் பூங்காப் புல்லிலும் கூரிய விளிம்புடைய தகடுகள் கிடந்தன. வெறுங்காலால் நடந்தோர் காயமுற்றனர். வளையத்தைப் பேணிக்குள்ளேயே போட்டுவிட்டுக் குடித்தவர் சிலர் அதனை விழுங்கினர். அலுமினியம் ஊடுகதிர்ப் படத்தில் எளிதிற் புலப்படாமையால் அதனைக் கண்டறிவதும் கடினமாயிருந்தமை மருத்துவ இதழ்களிற் பதிவாயிற்று.

இவ்விடத்தில் தொழிற்சாலையின் உட்புறத்தை மீண்டும் ஒருமுறை நோக்குதல் வேண்டும். தகட்டிலிருந்து வட்டங்களை எவ்வளவு நெருக்கி வெட்டினாலும் நூற்றுக்கு ஒன்பது பங்குக்கு மேல் எஞ்சியே தீரும். இது வடிவகணிதம் விதிக்கும் எல்லை. அவ்வெச்சம் அனைத்தும் திரட்டப்பட்டு உருக்காலைக்குத் திரும்புகின்றது. ஒரு துண்டும் தெருவுக்கு வருவதில்லை. மூலதனத்தின் மூன்றாம் பாகத்திலே, நிலையான மூலதனத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தல் பற்றி ஆராயுமிடத்து, உற்பத்தியின் கழிவையும் நுகர்வின் கழிவையும் மார்க்ஸ் வேறுபடுத்திக் காட்டுகின்றார். அவ்வேறுபாடு ஈண்டு கண்கூடாகின்றது. விற்பனைக்கு முன் விழும் துண்டு முதலாளியின் சொத்து. ஆகவே அது பொறுக்கப்படும். விற்பனைக்குப் பின் விழும் துண்டு எவருடையதுமன்று. ஆகவே அது கிடக்கும். உலோகம் ஒன்றே, உடைமையே வேறு.

மூலதனம் தன் உலோகத்தில் எவ்வளவு கருத்துடையது என்பதற்கு மூடியின் விட்டமே சான்று. தொடக்கத்தில் ஏறத்தாழ 68 மில்லிமீற்றராயிருந்த மூடியின் விட்டம், பேணியின் கழுத்து ஒடுக்கப்பட்டதனாற் படிப்படியாகக் குறைந்து இன்று பரவலாக 54 மில்லிமீற்றராயுள்ளது. இதனால் மூடியின் பரப்பு மூன்றிலொரு பங்குக்கு மேற் குறைந்தது. 1990களின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்கா மாத்திரம் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழப் பத்தாயிரங் கோடி பேணிகளைச் செய்தது. அத்தொகையில் மூடியொன்றுக்குக் கிராமிற் பத்திலொரு பங்கு மிச்சம் பிடித்தால் ஆண்டுக்குப் பத்தாயிரம் தொன் உலோகம் மிச்சமாகும். பத்திலொரு கிராமைக் கணக்கிட்ட அதே அறிவு, முழு வளையம் தெருவில் விழுவதைப் பதின்மூன்று ஆண்டுகள் பொறுத்திருந்தது. அது அறிவின் குறைபாடன்று. தெருவில் விழுந்த வளையம் கம்பனியின் கணக்கேட்டில் விழவில்லை.

6

அதனைக் கணக்கேட்டில் விழச்செய்தது சட்டமே. சட்டத்துக்கு முன்னே ஒரு கருத்துநிலைப் போராட்டம் நிகழ்ந்தது. 1953இல் வேர்மொன்ற் மாநிலம் திரும்பிவராத பியர்ப் போத்தல்களின் விற்பனையைத் தடைசெய்தது. அதே ஆண்டில், அமெரிக்கன் கான் கம்பனியும் ஓவன்ஸ்-இலினோய் கண்ணாடிக் கம்பனியும் வேறு நிறுவனங்களுஞ் சேர்ந்து, அமெரிக்காவை அழகாக வைத்திருக்குமாறு மக்களை வேண்டும் இயக்கமொன்றை நிறுவின. குப்பைக்குக் காரணம் குப்பை போடும் தனிமனிதனின் ஒழுக்கக்கேடே என்பது அவ்வியக்கப் பிரசாரத்தின் சாரம். ஒருவழிக் கலத்தை உற்பத்தி செய்வோர் அதில் இடம்பெறவில்லை. வேர்மொன்ற் சட்டம் 1957இல் காலாவதியாக விடப்பட்டது. பொருளின் வடிவத்திலிருந்து பிறக்கும் சமூகப் பிரச்சினையைத் தனிமனித ஒழுக்கப் பிரச்சினையாக மாற்றிக் காட்டும் இவ்வுத்தி, நமது நாவல்களிலும் நாடகங்களிலும் வறுமைக்கு வறியோனின் குணத்தைக் காரணங் காட்டும் உத்திக்கு நெருங்கிய உறவுடையது.

1971இல் ஒறிகன் மாநிலம், ஆளுநர் ரொம் மக்கோல் காலத்தில், புதிய சட்டமொன்றை நிறைவேற்றியது. பியர், மென்பானக் கலங்களுக்கு வைப்புப் பணம் கட்டாயமாக்கப்பட்டது. பகுதி கழன்று வீழும் பேணிகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது. 1972 ஒக்டோபரில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பேணிக் கம்பனிகள் நீதிமன்றஞ் சென்றன. 1973இல் ஒறிகன் மேன்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. வேறு மாநிலங்களும் இத்திசையிற் செல்லத் தொடங்கின.

இதன் பின்னரே 1975இல் றெனோல்ட்ஸ் உலோகக் கம்பனியின் பொறியியலாளர் டானியல் கட்சிக் வடிவமைத்த கழலா வளையம், கென்ரக்கி மாநிலத்து லூயிவில் நகரின் போல்ஸ் சிற்றி வடிசாலைப் பேணியிலே தோன்றியது. அதன் வினை எளிது. கீறல் வாயை முழுவதுஞ் சூழாமல் ஒரு சிறு பகுதி கீறாது விடப்படுகின்றது. அப்பகுதி பிணைச்சலாக நிற்கும். வளையத்தின் பின்புறத்தை உயர்த்தும்போது அதன் மூக்கு மூடியை அழுத்த, தறையாணி சற்றே மேலெழுந்து அருகிலுள்ள கீறலை முதலில் உடைக்கின்றது. வாயு வெளியேறி அமுக்கம் தணிகின்றது. அதன்பின் தறையாணியே ஊன்றிடமாக, வளையம் நெம்புகோலாகி வாய்த் தகட்டை உள்ளே தள்ளி மடக்குகின்றது. ஒன்றும் கழல்வதில்லை. இதற்குப் புதிய உலோகமோ புதிய விஞ்ஞானமோ வேண்டியிருக்கவில்லை. துளையில்லாத் தறையாணியும் கீறலும் 1962இலேயே கைவசமிருந்தன. சட்டம் மாத்திரமே இம்மாற்றத்தைக் கொணர்ந்தது என்று கூறின் அது இயந்திரப்பாங்கான விளக்கமாகிவிடும். 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மின்சாரம் விலையேற, பழைய பேணியை உருக்கி மீட்கும் உலோகத்தின் மதிப்பும் உயர்ந்தது. வளையமும் பேணியோடு திரும்பிவருதல் அலுமினியக் கம்பனிகளுக்கும் நன்மையாயிற்று. ஆயினும் தொழினுட்பச் சாத்தியம் சமூகத் தேவையாக மாறுவதற்கு மக்களின் நெருக்குதல் வேண்டியிருந்தமை மனங்கொள்ளத்தக்கது.

7

கழலா வளையத்தோடு கதை இனிது முடிந்ததாகக் கொள்ளலாகாது. ஒரு தொன் அலுமினியத்துக்கு நான்கு அல்லது ஐந்து தொன் பொக்சைற்றுக் கனியம் வேண்டும்; 1886இற் கண்டறியப்பட்ட ஹோல்-ஹெறூல் மின்பகுப்பு முறையில் அதனை உலோகமாக்க ஏறத்தாழ 14,000 கிலோவாற்று மணி மின்சாரம் வேண்டும். பழைய பேணியை உருக்குவதற்கு இச்சக்தியில் நூற்றுக்கு ஐந்து பங்கே போதும். ஆயின் உடலும் மூடியும் வெவ்வேறு கலப்புலோகங்கள். முழுப்பேணியையும் ஒன்றாக உருக்கினால் வரும் கலப்பு பெரும்பாலும் புதிய உடலுக்கே பொருந்தும். மூடிக்கு அதனைக் கொள்வதாயின் புதிய உலோகத்தைப் பெருமளவிற் சேர்க்கவேண்டும். ஆதலின் மூடி சுரங்கத்தை இன்னும் விட்டபாடில்லை.

அச்சுரங்கம் யாருடைய நிலத்தில் உள்ளது? கழலா வளையத்தை வடிவமைத்த அதே றெனோல்ட்ஸ் கம்பனி 1952 முதல் ஜமெய்க்காவிலிருந்து பொக்சைற்றை ஏற்றுமதி செய்தது. 1950களின் இறுதியில் அத்தீவு உலகின் முதன்மையான பொக்சைற்று உற்பத்தி நாடாயிற்று. விவசாய நிலங்கள் பெருமளவிற் கம்பனிகளின் வசமாயின. 1971இல் கயானா தன் நாட்டிலிருந்த கனடியக் கம்பனியின் சுரங்கத்தைத் தேசியமயமாக்கியது. 1974இல் மைக்கல் மான்லியின் ஜமெய்க்க அரசாங்கம், அலுமினியத்தின் விற்பனை விலையில் நூற்றுக்கு ஏழரைப் பங்கை அடிப்படையாகக் கொண்ட வரியைப் பொக்சைற்றின்மேல் விதித்தது; அவ்வாண்டிலேயே கினி நாட்டின் கொனாக்கிரியில் பொக்சைற்று உற்பத்தி நாடுகளின் சர்வதேசச் சங்கம் நிறுவப்பட்டது. மண்ணுக்கு மண்ணின் விலை மட்டுமே தரப்பட்டுவந்த நிலையில், முடிவுப் பொருளின் விலையிற் பங்கு கேட்ட முயற்சி அது. கம்பனிகள் தம் கொள்வனவைக் கினிக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் திருப்பின. 1994இல் அச்சங்கம் கலைந்தது.

சங்கிலியின் மறுமுனையிலும் உழைப்பே நிற்கின்றது. பிரேசிலிற் பேணிகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவை மீட்கப்படுகின்றன. இவ்வுயர்ந்த விகிதத்தைத் தருவோருள் முக்கியமானவர் தெருக்களிற் பேணி பொறுக்கி வாழும் வறியோராவர். ஆலைக்குள் எச்சத்தைத் திரட்டுவோன் கூலி பெறுகின்றான்; தெருவில் அதே உலோகத்தைத் திரட்டுவோனுக்குக் கூலியில்லை, எடைக்கான விலையே உண்டு.

8

கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். பானப் பேணியின் மூடி மனித அறிவின் நுண்ணிய சாதனைகளுள் ஒன்று. துளையில்லாத் தறையாணியை வியக்காதிருக்க முடியாது. வியப்பது முற்போக்குக்கு முரணானதுமன்று. ஆனால், அச்சாதனை எத்திசையில் எவ்வளவு வேகத்திற் செல்லவேண்டுமென்பதை அறிவு தானே தீர்மானிக்கவில்லை. உலோகம் மிச்சமாகுமிடத்து அது விரைந்து சென்றது. காலிற் காயம் படுமிடத்து அது காத்து நின்றது.

இது கடந்தகாலக் கதையன்று. 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பித்த பணிப்புரையொன்று, மூன்று லீற்றர் வரையிலான பிளாஸ்ரிக் பானப் போத்தல்களின் மூடிகள் போத்தலோடு பிணைந்தே இருத்தல் வேண்டுமென விதித்தது. 2024 ஜூலையில் அவ்விதி நடைமுறைக்கு வந்தது. திருகி எறியப்படும் பிளாஸ்ரிக் மூடியைப் போத்தலோடு பிணைப்பதற்கும் அரிய விஞ்ஞானம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒறிகன் மக்கள் உலோக வளையத்துக்குக் கேட்டதை அரை நூற்றாண்டின் பின் இன்னொரு பொருளுக்குக் கேட்கவேண்டியிருந்தது. ஒரு பொருளிற் கற்ற பாடத்தை மூலதனம் அடுத்த பொருளுக்குத் தானாகக் கொண்டு செல்வதில்லை. ஒவ்வொரு பொருளிலும் அதனைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியுள்ளது.

பேணியைத் திறந்தபின் மூடியிலேயே தங்கிநிற்கும் அச்சிறு வளையத்தை நாம் பொருட்படுத்துவதில்லை. அது அங்கு நிற்பதற்கு அச்சுவினைஞரின் கைத்திறனோடு ஒரு மாநில மக்களின் தீர்ப்பும் காரணமாயிற்று என்பதை உணர்ந்து நோக்குவோர்க்கு, மாற்றவியலாதனவாகத் தோன்றும் வேறு பொருள்களின் வடிவங்களும் மாற்றத்தக்கனவாகவே தோன்றும்.